வயிறு மாறிய தத்துப்பூச்சி

திருவேங்கடம் சார் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த கடிதத்தை மறுபடி உறைக்குள் போட்டு, உறையை மேசைமீது நேராக வைத்துவிட்டு, "நீ இல்லாததை வரைஞ்சிருக்கே சொர்ணம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எது சார் இல்ல?"

"நீ வரைஞ்ச உறுப்பு அந்தப் பூச்சிகிட்ட இல்ல. குப்பியில இருக்கிற வயிறு சாதாரண பச்சைத் தத்துப்பூச்சியோடது. எந்த வயல்ல கால வெச்சாலும் ஆயிரம் கெடைக்கும். அதை வெச்சிக்கிட்டுப் புதுப் பேரினம்னு நான் அங்க எழுதி அனுப்பியிருக்கேன்."

"நான் பாத்ததைத்தான் சார் வரைஞ்சேன்."

"அப்ப நீ பாத்தது எங்க?"

சார் என் பக்கத்தில் நின்றிருந்த தாட்சாயிணியைப் பார்த்தார். "நீ அன்னிக்கு இங்கதானே இருந்தே. அவ மைக்ராஸ்கோப்புல நீயும் பாத்தியா?"

தாட்சாயிணி புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நான் சரியாப் பாக்கல சார்" என்றாள்.

இது நடந்தது எண்பத்தொன்பதாம் வருடம் ஜூலையில். முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடி பிளாட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்கள் திட்டத்தின் அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை மிச்சமிருந்த நெல் வயல்களில் என்னென்ன தத்துப்பூச்சிகள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதுதான் திட்டம். சார் தலைவர். நானும் தாட்சாயிணியும் உதவியாளர்கள். ஹாலில் இரண்டு மைக்ராஸ்கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில். சமையலறையில் சமையல் கிடையாது. ஸ்டவ்வின் மேல் வெந்நீர்ப் பாத்திரமும், அதற்குள் காஸ்டிக் பொட்டாஷ் ஊற்றிய சோதனைக் குழாய்களும்.

வரப்பில் நடக்கும்போது புல்லிலிருந்து தெறித்துக் காலில் விழுமே, அரிசிமணியைவிடச் சின்னதாக, ஆப்பு மாதிரி, அதுதான் தத்துப்பூச்சி. பின்னங்காலைப் பெரிதாக்கிப் பார்த்தால் சீப்புப் பல் போல முள்வரிசை தெரியும். அதை வைத்து இது தத்துப்பூச்சிதான் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் எந்தப் பேரினம் என்று சொல்வதற்கு அது போதாது. தலை முன்பக்கம் கூராக இருக்கிறதா மழுங்கியிருக்கிறதா, பெரிய கண்களைத் தவிர இரண்டு புள்ளிக் கண்கள் உண்டே, அவை தலையின் விளிம்பில் இருக்கின்றனவா முகத்தில் இருக்கின்றனவா, சிறகு நரம்புகள் எங்கே பிரிகின்றன, எங்கே சேருகின்றன எல்லாம் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் ஏமாறலாம். கடைசித் தீர்ப்பு ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கிறது. வயிற்றைத் தனியாக எடுத்து, பொட்டாஷில் கொதிக்க வைத்து, சதையெல்லாம் கரைந்து கண்ணாடி போல ஆன பிறகு கிளிசரின் சொட்டில் போட்டு, இரண்டு ஊசிகளால் பிரித்தால் உள்ளே அந்த உறுப்பு தெரியும். ஒரு பேரினத்தில் கொக்கி, ஒன்றில் கவட்டை, ஒன்றில் கிளி மூக்கு. பெண் பூச்சிகளில் அப்படிக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் பெரும்பாலும் கிடைக்காது. அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, 'பெண், பேரினம் தெரியவில்லை' என்று எழுதி வைத்துவிடுவோம்.

அந்த உறுப்பின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு நாங்கள் இரண்டு பேரும் அதைச் 'சாவி' என்றே சொல்லிப் பழகியிருந்தோம். மண்ணூர்பேட்டையில் என் வீட்டில் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை.

"பூச்சின்றே, மைக்ராஸ்கோப்புன்றே" என்றார் அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே. "அதுல தெனிக்கும் இன்னாத்தத்தான் பாத்துகினு கீறே?"

"உள் உறுப்புப்பா."

"இன்னா உறுப்பு?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அம்மாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. "உனுக்கு இன்னாத்துக்குய்யா அந்த ஆராய்ச்சியெல்லாம்? துன்னுட்டு கம்பினிக்குக் கெளம்பு" என்று அவரை விரட்டினாள். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் வேலை செய்தார்; அவருடைய அப்பா மற்றவர்கள் வயலில் நடவு நட்டவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்.

மறுநாள் இதைத் தாட்சாயிணியிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கிளிசரின் குப்பி கவிழ்ந்தது. "எங்க ஊட்ல பரவால்லடி. எங்க அண்ணன் எல்லார்கிட்டயும் நான் கொசு ஒழிப்புல இருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கு" என்றாள்.

அவள் வீடு சென்னீர்குப்பத்தில். பரம்பரையாகப் பயிர் வைத்தவர்கள். அப்பா ஜெயராமன் இறந்த பிறகு நெடுஞ்சாலையை ஒட்டிய பாதி நிலம் மனைகளாகப் போயிருந்தது. மீதியை அண்ணன் சம்பத் பார்த்துக்கொண்டார். சார் அவ்வப்போது அங்கே போய் மோர் குடித்துவிட்டு, வரப்புகளில் வலை வீசிவிட்டு வருவார். பிப்ரவரியில் நாங்களும் கூடப் போனோம். அன்று வலையில் விழுந்த நூற்றுக்கணக்கான பூச்சிகளில் மூன்று மட்டும் எந்த அட்டவணையிலும் அடங்கவில்லை. இரண்டு பெண், ஒன்று ஆண்.

ஆண் பூச்சியின் வயிற்றைப் பிரித்தவள் நான். அந்த வாரம் சார் ஊரில் இல்லை. கிளிசரினில் சாவியைத் திருப்பி நிறுத்தியபோது தெரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. தண்டு நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் பின்னோக்கிச் சுருண்டு, சுருளின் உள்விளிம்பில் ஒழுங்காகப் பற்கள். தாட்சாயிணியைக் கூப்பிட்டேன். என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, வெகுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "ஏய், ஆட்டுக்கடா கொம்பு மாதிரி இருக்குதுடி!" என்று கத்தினாள். கீழ்வீட்டு அம்மாள் மாடிப்படியில் ஏறி வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான்கு மணி நேரம் வரைந்தேன். வரைந்து முடித்ததும் வழக்கப்படி வயிற்றைக் கடுகளவு கிளிசரின் குப்பியில் போட்டு, அடைத்து, பூச்சியின் உடல் ஒட்டியிருந்த அதே ஊசியில் உடலுக்குக் கீழே குத்தினேன். உடலும் வயிறும் பிரிந்தாலும் ஒரே ஊசியில் இருக்க வேண்டும். திரும்பி வந்த சார் படத்தைப் பார்த்து அசந்துபோனார். கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. குப்பியைத் திறந்து பார்க்க அவருக்கு நேரம் இல்லை. படத்தை வைத்தே கட்டுரையை எழுதி, 'நானே நேரில் சரிபார்த்தேன்' என்று ஒரு வரியையும் சேர்த்து, ஊசியோடு பூச்சியைப் பஞ்சுப் பெட்டியில் வைத்து வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்பினார். அடுத்த வருடம் என்னை முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதாகவும் சொன்னார்.

திருப்பி அனுப்பிய பூச்சியோடு வந்த நிபுணரின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. படம் மிக அழகு, ஆனால் குப்பிக்குள் இருப்பது வேறு, என்று எழுதியிருந்தார்.

வேறு பூச்சியின் குப்பிக்குள் என் சாவி போயிருக்குமோ என்று இரண்டு நாள் எல்லாப் பெட்டிகளையும் தேடினோம். இல்லை. மூன்றாம் நாள் சார் ஒரு சீட்டு எழுதினார். ஆள்காட்டி விரல் நகத்தைவிடச் சின்னச் சீட்டு. ஆங்கிலத்தில் மூன்று வரி: 'வயிறு மாறியுள்ளது. படம் நம்பத்தக்கதல்ல. தயாரித்தவர் வே. சொர்ணம்.' அதைப் பூச்சிக்குக் கீழே அதே ஊசியில் கோத்தார்.

ஊசியில் ஏறிய சீட்டை யாரும் எடுக்கக் கூடாது. தப்பான சீட்டாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. திருத்த விரும்புகிறவர் அதன் கீழே தன் சீட்டைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விதி இது. திட்டம் முடிந்ததும் இந்தப் பெட்டிகள் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போகும். அறுபது வருடம் கழித்து யாரோ ஒருவர் திறந்து, லென்ஸை வைத்து அந்த மூன்று வரிகளைப் படிப்பார். என்னைப் பற்றி உலகத்தில் மிஞ்சப்போவது அதுதான் என்றால், நான் கற்பனையை வரைந்தவள்.

பி.எச்டி. பேச்சு நின்றுபோனது. அதைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. நான் என்னையே சந்தேகிக்க ஆரம்பித்தேன்.

உண்மையிலேயே பார்த்தேனா? அன்று கண் சோர்ந்திருந்ததா? கிளிசரினில் ஒரு நூல் மிதந்து அதைக் கிளை என்று நினைத்துவிட்டேனா? புதிதாக ஏதாவது கிடைக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். ஆசை கண்ணைக் கெடுக்கும். தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதுகூட என் கைகளை நம்ப முடியாமல் இரண்டு தடவை பிடித்துப் பார்த்துக்கொண்டேன். பற்களை எண்ணியது ஞாபகம் இருந்தது: ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் எட்டு. கற்பனை செய்கிறவள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை அல்லவா போட்டிருப்பாள்? இப்படி எனக்காக நானே வாதாடுவேன். பிறகு, தாட்சாயிணியே சரியாகப் பார்க்கவில்லை என்கிறாளே என்று நினைப்பேன். அவளுக்கு என்ன, பயந்திருப்பாள். சார் அப்படிப் பார்த்தால் யாருக்குமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று கத்தியதும் விளையாட்டுக்காக இருக்கலாம். இப்படி அவளுக்காகவும் நானே வாதாடினேன்.

இன்னொரு ஆண் பூச்சி கிடைத்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகள் வலையை எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பத்துக்குப் போனேன். மூன்று முறையும் தாட்சாயிணி கூட வந்தாள். வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தோம். நான் வலை வீச, அவள் உறிஞ்சு குழாயை வாயில் வைத்துப் பூச்சிகளைக் குப்பிக்குள் இழுத்தாள். "கெடைக்கும்டி, பொறுமையாத் தேடு" என்றாள். இரண்டாவது சனிக்கிழமை எனக்குத் தலை சுற்றியபோது, தன் முந்தானையை நனைத்து என் கழுத்தில் வைத்தாள். சம்பத் அண்ணன் மோட்டார் கொட்டகையிலிருந்து, "இன்னாங்கடி, கொசு அம்ட்டுச்சா?" என்று கிண்டல் செய்தார். மூன்று வாரத்தில் கிடைத்தது ஒரே ஒரு பெண்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை சார் பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, "இந்தக் குப்பியில கிளிசரின் கொறைஞ்சிருக்கு. நெரப்பி வெச்சிடு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே கிளம்பினார். தாட்சாயிணி சமையலறையில் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரிக்குப் பிறகு நான் அந்தக் குப்பியைத் திறப்பது அதுதான் முதல் தடவை. வயிற்றை வெளியே எடுத்துக் குழிக் கண்ணாடியில் போட்டேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். பச்சைத் தத்துப்பூச்சிதான். சந்தேகமில்லை. கண்ணை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. ஏதோ ஒன்று உறுத்தியது. சாவியில் அல்ல, அதைச் சுற்றியிருந்த கூட்டில்.

வயிற்று நுனியில் இருக்கிற கூட்டின் பக்கச் சுவரைக் கிழித்தால்தான் உள்ளே சாவி முழுதாகத் தெரியும். எந்தச் சுவரைக் கிழித்தாலும் ஒன்றுதான். நான் வலது கையில் கூர் ஊசியைப் பிடிப்பவள்; எப்போதும் இடப்பக்கச் சுவரைக் கிழிப்பேன். என் முன்னால் கிடந்த கூட்டில் இடப்பக்கச் சுவர் முழுதாக இருந்தது. வலப்பக்கம் கிழிந்திருந்தது. கீழிருந்து மேலாக, ஒரே இழுப்பில், ஓரம் சிதறாமல்.

எங்கள் அலுவலகத்தில் வலப்பக்கம் கிழிக்கிறவள் ஒருத்திதான். தாட்சாயிணிக்கு இடது கை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேசை விளக்கு தப்பான பக்கத்தில் இருந்து, அவள் கையின் நிழல் அவள் பூச்சிமீதே விழுந்தது. கேட்கக் கூச்சப்பட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தாள். நான்தான் விளக்கை அந்தப் பக்கம் மாற்றி, ஊசித் தட்டையும் திருப்பி வைத்தேன்.

ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தது கோபம் அல்ல. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு பெரிய நிம்மதி. என் கண் பொய் சொல்லவில்லை. ஏழும் எட்டும் உண்மை. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் அந்த நிம்மதி இருந்தது. பிறகு சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மூன்று சனிக்கிழமைகளும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. தேடவே வேண்டியிராத ஒன்றை நான் வெயிலில் தேடிக்கொண்டிருந்தபோது, என்ன நடந்தது என்று தெரிந்த ஒருத்தி என் கழுத்தில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை வழக்கம்போலப் பஸ் ஸ்டாப் வரை சேர்ந்து நடந்தோம். அவள் தன் அத்தை வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இன்னாடி, உம்முனு வர்றே?" என்றாள் நடுவில்.

"தலைவலி."

கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அழுவாள். அவள் அழுதால் நான் மன்னித்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். மன்னித்த பிறகு சாரிடம் போய் எப்படிச் சொல்ல முடியும்? சீட்டு அப்படியே ஊசியில் இருக்கும். மன்னிக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரே வழி, கேட்காமல் இருப்பதுதான். அவள் பஸ் முதலில் வந்தது. ஏறி, ஜன்னலிலிருந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் சீக்கிரமே அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு வருடத்தில் நாங்கள் தயாரித்த பச்சைத் தத்துப்பூச்சிகளிலிருந்து என்னுடையதில் பத்து, அவளுடையதில் பத்து வயிறுகளை எடுத்தேன். இருபது குழிக் கண்ணாடிகளில் போட்டு, அடியில் பென்சிலால் எண் மட்டும் எழுதினேன். இருபத்தொன்றாவதாக அந்தக் குப்பியில் இருந்ததைப் போட்டேன். எல்லாவற்றையும் கலைத்து வைத்தேன்.

சார் வந்து டீ குடித்த பிறகு, "சார், ஒரு பத்து நிமிஷம் வேணும்" என்றேன். "இதுல எது நான் செஞ்சது, எது தாட்சாயிணி செஞ்சதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

தாட்சாயிணி தன் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தாள். "என்னடி பந்தயமா?" என்று தலை தூக்காமலே கேட்டாள்.

சாருக்கு இப்படிப்பட்டவை பிடிக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் இரண்டை நிதானமாகப் பார்த்தார். மூன்றாவதில் சிரித்தார். "ஓகோ. புரிஞ்சிடுச்சும்மா. நீ இந்தப் பக்கம் தொறக்கறே, அவ அந்தப் பக்கம் தொறக்கறா. நாலு கழுதை வயசாச்சு, இவ்வளவு நாள் கவனிக்கலியே நான்!" பிறகு வேகம் பிடித்தார். "இது நீ. இதுவும் நீ. இது தாட்சாயிணி. பாரு, எவ்வளவு சுத்தமாக் கிழிச்சிருக்கா. இது நீ..." பார்த்ததை வலப்பக்கமும் இடப்பக்கமுமாக நகர்த்திக்கொண்டே போனார்.

தாட்சாயிணியின் ஊசி நின்றுவிட்டது. நான் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் ஊசி கண்ணாடியில் உரசும் சத்தம் நின்றது எனக்குக் கேட்டது.

பதினான்காவதாக அது வந்தது. சார் மற்றவற்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "தாட்சாயிணி" என்று சொல்லி அவள் பக்கம் நகர்த்தினார். இருபத்தொன்றையும் முடித்து நிமிர்ந்தார். "எத்தனை தப்பு?"

"ஒண்ணுகூடத் தப்பு இல்ல சார்" என்றேன். பதினான்காவது குழிக் கண்ணாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இது அந்தப் புதுப் பேரினத்துக் குப்பியில இருந்தது."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் யாரையாவது பார்த்துப் பேச வேண்டுமே என்றுதான் குனிந்திருந்தார் என்று தோன்றியது.

தாட்சாயிணியே பேசினாள்.

"நான்தான் சார். அன்னிக்கு மத்தியானம் சொர்ணம் தபால் ஆபீசுக்குப் போயிருந்தா. நானும் ஒரு தடவ வரைஞ்சு பாக்கலாம்னு எடுத்தேன். எங்க வரப்புல கெடைச்ச பூச்சிதானே. ஊசி பட்டு சாவி ஒடிஞ்சிருச்சு. துண்டு ஊசியில ஒட்டிக்கிச்சு போல, துணியில தொடச்சிட்டேன். தேடினேன் சார். மேசையெல்லாம் தேடினேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"படம்தான் வரைஞ்சு முடிச்சாச்சே, இனிமே குப்பியத் தொறந்து யாரு பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். காலியா இருந்தாத்தானே கேப்பாங்கன்னு, இன்னும் ஊசியில ஏத்தாம நான் பிரிச்சு வெச்சிருந்த ஒண்ண எடுத்துப் போட்டுட்டேன்."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் கொடுமை. படம் வரைந்த பிறகு யாரும் குப்பியைத் திறப்பதில்லை, சாரே திறக்கவில்லை. உடைவது எல்லோருக்கும் நடக்கும். நானும் உடைத்திருக்கிறேன். வேறொன்றை வைத்ததைக்கூடப் பயம் என்று விட்டுவிடலாம். ஆனால் 'சரியாப் பாக்கல' என்றாளே, அந்தச் 'சரியா'வை என்ன செய்வது? பார்க்கவே இல்லை என்று அவள் சொல்லவில்லை. பொய்யும் ஆகாமல், உண்மையும் ஆகாமல், தான் நிற்பதற்கு மட்டும் ஓர் இடத்தை அளந்து வைத்துக்கொண்டு, என்னைக் கீழே விட்டாள். பயந்தவள் அவ்வளவு அளவாகப் பேச மாட்டாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நேத்தே உனக்குத் தெரியும், இல்ல? தலைவலின்னியே."

"ம்."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்டி."

"சார் கேட்டாரே. மூணு வாரம் கூடவே நடந்தியே, அப்ப நான் கேக்கணும்னு இருந்தியா?"

"ஒவ்வொரு வாரமும் சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

"அப்புறம்?"

"நீ என்கிட்ட நல்லா பேசிக்கிட்டிருந்தே." அவள் இடது கையை நீட்டினாள். அழவில்லை. "இந்தக் கையால சாப்புட்டா எங்க ஊட்ல தட்டப் புடுங்குவாங்க. நீ ஒருத்திதான் இதுக்கு வெளக்க மாத்தி வெச்சுக் குடுத்தே. இப்ப அதையே வெச்சு என்னைப் பூச்சி மாதிரி வரிசையில நிறுத்திட்டே."

அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கி, பாதியில் நின்று, மறுபடி இறங்கியது. நான் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கக்கூடிய இடைவெளி அது. நான் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சார் பெட்டியைத் திறந்தார். "நான் அந்த நிபுணருக்கு வேற கடிதம் எழுதிடறேன். நீ ஒரு சீட்டு எழுதும்மா. 'வயிறு பின்னர் மாற்றப்பட்டது, படம் சரியானது'ன்னு போட்டாப் போதும்."

"யாரு மாத்தினதுன்னு?"

"பேரெல்லாம் எதுக்கு? நல்ல குடும்பம். நாளைக்கு ஒரு இடத்துல வாழப்போற பொண்ணு."

அவரைப் பார்த்தேன். அவர் பஞ்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். சென்னீர்குப்பத்து மோர் நினைவுக்கு வந்தது. சம்பத் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைப்பது நினைவுக்கு வந்தது. இந்த இரண்டு வருடத்தில் அவர் எங்கள் மண்ணூர்பேட்டைத் தெருப்பக்கம் வந்ததில்லை.

"என் பேரை எழுதும்போது இதெல்லாம் யோசிக்கலியே சார்" என்றேன்.

அவர் கை நின்றது. "அதை விடு. வேணும்னா அந்தப் பழைய சீட்டை எடுத்துடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க."

சீட்டை வெட்டிக்கொண்டு என் மேசைக்குப் போனேன். மெல்லிய நிப்பை மையில் தொட்டு எழுதினேன். 'அசல் உறுப்பு உடைந்தது. இந்த வயிறு வேறு பூச்சியினுடையது, வைத்தவர் ஜெ. தாட்சாயிணி. படம் அசலைப் பார்த்து வரைந்தது, வரைந்தவர் வே. சொர்ணம்.' அவள் பெயரை எழுதும்போது இன்பமாக இருக்கும் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன், அது இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தடவுமே, அப்படி ஒரு வெறுமைதான் இருந்தது. சார் சீட்டை வாங்கிப் படித்தார். ஊசியில் கோத்தார். இப்போது அந்தப் பூச்சிக்குக் கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. படிக்கிறவர் இரண்டையும் படிக்கட்டும்.

தாட்சாயிணி வேலைக்குத் திரும்பவில்லை. என்னை முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார்கள். புதுப் பேரினத்தை மட்டும் அறிவிக்க முடியவில்லை. படம் உண்மை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பேரினத்தை யாரும் ஏற்க மாட்டார்கள், உடல் வேண்டும். இன்னொரு ஆண் கிடைத்தால் போதும் என்று சார் ஒவ்வொரு நெல் பருவத்திலும் சொல்கிறார். திருமழிசைப் பக்கம் தேடினேன், ஆவடி ஏரிப் பக்கம் தேடினேன், அது எங்குமே இல்லை. அது இருக்கிற ஒரே வரப்பு எனக்குத் தெரியும். அங்கே இன்னும் மனைக்கல் நடவில்லை என்றும் கேள்விப்பட்டேன். வலை என் மேசைக்குப் பின்னால்தான் சாய்ந்திருக்கிறது. ஆனால் அந்த வரப்புக்கு வழி அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது.